விளையாட்டுக்கு ஒத்திகை

அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அவளைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு புத்தி சொன்னவர்கள் மீது வரும் கோபம் அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இவள் ஏன் இப்படிப் பொரிந்து தள்ளுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து, மடித்து அனுப்ப வேண்டும். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து மடிக்கிற ஜோடி நானும் அக்காவும். எங்கள் குடும்ப விவகாரம் முழுவதையும் அந்தக் கிட்டே வருகிற நேரங்களில்தான் பேசியிருக்கிறோம். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தால் முதுகுவலியைப் பற்றிப் பேசுவோம். அதுவும் பொய் கிடையாது.

அக்கா வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில் அவள் பென்சிலை எவளாவது எடுத்துக்கொண்டால் நான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவேன். இத்தனைக்கும் நான் அவளைவிட இளையவள். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் சரி என்பாள். அத்தானைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

அத்தான் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். பயிற்சிக் காரில் அவர் கால் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாள் முழுக்க அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, கிளச் எது என்று தெரியாதவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தருவார். விளக்குக் கம்பத்தில் மோதிய ஆளைக்கூட, பரவாயில்லை, இன்னொரு தடவை பார்ப்போம் என்று தட்டிக்கொடுப்பாராம். ஊர் பேர் தெரியாத ஆளுக்கு இருக்கிற அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் நான் ஏன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்?

அவர்களுக்கு ஒரே பெண். நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேச்சு வரவில்லை. யார் மடியிலும் உட்கார மாட்டாள், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். போனைக் காட்டி வளர்த்ததால் வந்தது என்றார் ஒருவர். அம்மா வேலைக்குப் போனதால் வந்தது என்றாள் இன்னொருத்தி. அப்பா வேலைக்குப் போனதால் வந்தது என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முதலில் போன பயிற்சி நிலையத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்துத் திருப்பி, என்னைப் பார் என்பார்கள். பார்த்தால் ஒரு துண்டு பிஸ்கட். அக்கா வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். சில மாதம் கழித்து ஒருநாள், நான் சும்மா சிட்டுவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகவாயை மட்டும் தூக்கி என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொள், சீக்கிரம் முடித்துவிடு என்பது போல இருந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நாளே அங்கே போவதை நிறுத்தினாள். யாரிடமும் கேட்காமல் அவள் முடிவெடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு கிடைத்த இடத்தில் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தரையில் மெத்தென்று ஒரு விரிப்பு, தாழ்வான அலமாரி, கூடையில் பொம்மைகள், அவ்வளவுதான். அங்கிருந்த டீச்சர் எப்போதும் தரையில்தான் இருப்பார். சம்மணம் போட்டு, குப்புறப் படுத்து, தவழ்ந்து, எப்படியோ பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் தரை டீச்சர் என்று பெயர் வைத்தோம். அவர் சொன்னது எளிமையானது. பிள்ளையை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், அவள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். அவளுக்கு எது பிடிக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அவளிடமிருந்து சின்னதாக ஏதாவது வந்தால் பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்யுங்கள். வேலை என் அறையில் நடக்காது, உங்கள் வீட்டில்தான் நடக்கும் என்றார்.

சிட்டுவுக்குப் பிடித்தது செருப்பு. வீட்டில் இருக்கிற செருப்பு, ஷூ எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்குவாள். கலைத்தால் அலறுவாள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஒருநாள் அந்த வரிசையின் கடைசியில் போய்த் தானும் நீட்டிப் படுத்துக்கொண்டாள். அடுத்த செருப்பைக் கொண்டுவந்த சிட்டு நின்றாள். அக்காவின் ஒரு கால் வரிசையை விட்டு வெளியே இருந்தது. அதைப் பிடித்து நேராக்கி வைத்தாள். அக்கா மறுபடி காலை வெளியே போட்டாள். சிட்டு மறுபடி பிடித்துத் தள்ளினாள். நாலைந்து தடவை ஆனதும், கால் எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டே சிரித்தாள். மறுநாள் விரிப்பின் முனையோடு கிட்டே வந்தபோது இதைச் சொல்லி அக்கா அழுதாள். நானும் அழுதேன். உருளையிலிருந்து வந்த அடுத்த விரிப்பு தரையில் விழுந்து, திட்டு வாங்கினோம்.

செருப்பு விளையாட்டு நடந்த அன்று அத்தான் வேலை முடிந்து வந்தபோது பெண்டாட்டி செருப்பு வரிசையில் படுத்திருக்கிறாள். தன் ஷூவைக் கழற்றி எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, உனக்கும் சேர்த்துத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகும் தினமும் அதே கதைதான். எட்டு மணிநேரம் சூட்டில் நின்றுவிட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, தரையில் விழுந்து புரண்டு விளையாடுகிறவளைப் பார்த்து, நாள் பூரா விளையாட்டுதானா என்று கேட்பார். கேட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார். நான் அங்கே இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அக்கா என்னைக் கண்ணாலேயே தடுப்பாள்.

அந்த இடத்தில் ஒரு விதி இருந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்து பிள்ளையோடு விளையாடிக் காட்ட வேண்டும். குடும்பம் முழுவதும் சேராவிட்டால் இந்தப் பயிற்சி பலன் தராது, காத்திருக்கிற வேறு குடும்பத்துக்கு இடத்தைக் கொடுத்துவிடுவோம் என்பது நிர்வாகத்தின் பேச்சு. அத்தான் இரண்டு தடவை வரவில்லை. அடுத்த தடவையும் வராவிட்டால் இடம் போய்விடும் என்று தரை டீச்சர் வருத்தத்தோடு சொன்னார். அத்தானோ வேறு கணக்கு வைத்திருந்தார். வெளியூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்து ஒழுங்குபடுத்தும் விடுதி ஒன்று இருக்கிறதாம். முதல் வருஷம் பெற்றவர்கள் பார்க்கக்கூட வரக் கூடாதாம். இங்கே முடியாது என்று சொல்லிவிட்டால் அங்கே விட்டுவிடலாம் என்று, டயர் மாற்றுவதைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். அன்று அக்கா விரிப்பை மடிக்கும்போது முனைகள் ஒன்று சேரவே இல்லை.

சிட்டுவை விடுதிக்கு அனுப்பாமல் இருக்க வேண்டுமென்றால் அத்தான் ஒரே ஒருநாள் தரையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அக்கா அவரிடம் கெஞ்சினாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு பொம்மைக் காரை அவள் பக்கம் உருட்டுங்கள், அவள் திருப்பி உருட்டுவாள், அது போதும் என்றாள். அப்போதுதான் அத்தானுக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் இது ஒரு டெஸ்ட், அப்படித்தானே என்று கேட்டார். டெஸ்டுக்கு ஆள் தயார் செய்வதுதான் அவர் தொழில்.

ஒரு வாரம் நடந்தது அந்தக் கூத்து. வேலை விட்டு வந்ததும் சிட்டுவை எதிரே உட்காரவைத்து, கார் அந்தப் பக்கம், கார் இந்தப் பக்கம். அவள் எழுந்தால் தோளைப் பிடித்து உட்காரவைப்பது. தள்ளாவிட்டால் கையைப் பிடித்துத் தள்ளவைப்பது. நன்றாக வருகிறது, இன்னொரு தடவை என்று தன் மாணவர்களிடம் பேசுகிற அதே குரல். பிள்ளையோடு அவர் அத்தனை நேரம் செலவழித்து நான் பார்த்ததே இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்காவும் கூடவே இருந்து, இப்படி வையுங்கள், அப்படிச் சொல்லுங்கள் என்று எடுத்துக்கொடுத்தாள். வார முடிவில் சிட்டு தேறிவிட்டாள். கார் வந்ததும் தள்ளினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். செருப்பை அவள் அந்த வாரம் தொடவே இல்லை.

அந்த நாளும் வந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். சுவரோரமாக என்னை உட்காரச் சொன்னார்கள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு விரிப்பின் விளிம்பில் குந்தினார். கார் போனது, வந்தது. போனது, வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அத்தான் நிமிர்ந்து தரை டீச்சரைப் பார்த்தார். பாஸ் என்று சொல்வார் என எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

டீச்சர் காரை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். சிட்டுவின் கை, வராத காரைத் தள்ளியது. இன்னொரு தடவையும் தள்ளியது. பிறகு அவள் திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இத எத்தன நாள் பழக்கினீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

ஒரு வாரம், தினமும் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். டீச்சர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"அவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமேம்மா. நீங்களா இப்படிப் பண்ணீங்க?"

நான் எழுந்திருக்கப் போனேன். எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பு வரிசையில் படுத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் என்னை முந்திக்கொண்டு அக்கா பேசினாள். நான் அதுவரை கேட்டிராத குரல்.

"ஆமா, நான்தான் பண்ணேன். அப்பா வேணும் அப்பா வேணும்னு கேட்டீங்க. எங்க வீட்ல அது இல்ல. இருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? அதான் ஒண்ணு தயார் பண்ணி எடுத்துட்டு வந்தேன். குடும்பம் குடும்பம்னு சொல்றீங்களே, நாள் பூரா நின்னுட்டு வந்து தரையில விழுந்து கிடக்கிறது யாரு? நான் ஒருத்தி. வேல தெரிஞ்சவ நான், கேள்வியும் எனக்கேவா?"

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை. குரல் இன்னும் ஏறியது.

"இவ்வளவுதான் எங்க குடும்பம். நானும் இவளும். இதுக்கு இங்க இடம் உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

சத்தம் சிட்டுவுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் எழுந்தாள். சுவரை விட்டு நேராக அக்காவிடம் நடந்து வந்தாள். காதைப் பொத்தாமல், கையை நீட்டி அக்காவின் வாயைப் பொத்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பிடித்து இழுக்கவில்லை.

அக்கா அந்தக் கைக்குள்ளேயே ம்ம் என்று முனகினாள். சிட்டு கையை எடுத்து, அந்த வாயை உற்றுப் பார்த்து, மறுபடி பொத்தினாள். மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அக்காவின் கண்ணையும் பார்த்தாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இடம் உண்டும்மா, நான் பேசிக்கிறேன்" என்று மிக மெதுவாகச் சொன்னார்.

அத்தான் சிரித்தார். அறை இறுக்கமாக இருந்ததால் லேசாக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. "பெத்த பொண்ணே உன் வாய அடைக்குது பாத்தியா" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். பயிற்சிக்கு அடுத்த ஆள் காத்திருப்பான், கிளம்பு, மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. சிட்டு கையை எடுக்கும்வரை காத்திருந்தாள். எடுத்ததும், "நீங்க" என்றாள். கை வந்து பொத்தியது. எடுத்ததும், "போங்க" என்றாள். சிட்டு களுக்கென்று சிரித்துவிட்டு மறுபடி பொத்தினாள். அத்தான் கதவில் கையை வைத்தபடி நின்றார். அவரைத் திரும்பிப் பார்க்காமலே, அடுத்தமுறை கை விலகியபோது அக்கா மிச்சத்தைச் சொன்னாள்.

"எங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."