காற்று நின்ற பசுமைக் குடில்

பூதலூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக, மரியபுஷ்பத்தின் பசுமைக் குடில் இருக்கிறது. வெள்ளை பாலித்தீன் போர்த்திய நீளமான கூடாரம். உள்ளே மேசை மேசையாக வாழைக் கன்றுகள். சோதனைச்சாலையில் கண்ணாடி பாட்டிலுக்குள் முளைக்க வைத்த திசு வளர்ப்புக் கன்றுகள் அவை. விரல் உயரத்தில் வரும். இரண்டு மாதம் இங்கே வளர்ந்து வெளி உலகத்துக்குப் பழகிய பிறகுதான் வயலுக்குப் போகும்.

மரியபுஷ்பம் ஓசூரில் அப்படி ஒரு சோதனைச்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினாள். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத் தளிரை நறுக்கும் வேலை. அவள் கணவர் ரெமிஜியஸுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை கிடைத்ததும் ஊர் திரும்பினார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. மூன்றே வருடத்தில், "பூதலூர் மரியம்மா கன்னா, நம்பி வைக்கலாம்" என்று திருவையாறு வரை பேச வைத்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்தது போன சித்திரையில். குடிலுக்குள் பன்னிரண்டாயிரம் கன்றுகள் இருந்தன. வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

வெயில் காலத்தில் குடிலைக் காப்பாற்றுவது இரண்டு பெரிய மின்விசிறிகள். ஒரு கோடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான அட்டைச் சுவர். அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மறு கோடியில் விசிறிகள். விசிறி உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும் உள்ளே முப்பத்திரண்டைத் தாண்டாது.

அந்த விசிறிகளுக்குக் காவலாகச் சுவரில் ஒரு ரிலே இருந்தது. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனாலும் அது விசிறியை நிறுத்திவிடும். அந்த வாரம் கரண்டு சரியில்லை. ரிலே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுந்து விசிறியை நிறுத்தியது. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் பொத்தானை அமுக்கி விசிறியைக் கிளப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போக முடியாத அலுப்போடு திங்கட்கிழமை வந்தவள், ஒரு துண்டு ஒயரை எடுத்து, ரிலே தடுக்காதபடி விசிறிக்கு நேர் இணைப்புக் கொடுத்துவிட்டாள். ரெண்டு நாள்தானே, கரண்டு சீரானதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை பகல் பதினொன்றரை மணி. முன்பக்கக் கொட்டகையில் அவளும், வேலைக்கு வரும் பூர்ணிமாவும் ட்ரேக்களுக்குத் தென்னை நார்த்தூள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். விசிறிச் சத்தம் மாறியது. சுழலும் இரைச்சல் அடங்கி, ஏதோ முனகுகிற மாதிரி கேட்டது. மரியபுஷ்பம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். விசிறிக்கிட்டே போவதற்குள் வார்னிஷ் கருகிய வாடை. இரண்டு மோட்டாரிலிருந்தும் புகை. சுவிட்சை இறக்கினாள். ஒரு பேஸ் போயிருந்தது. மிச்ச இரண்டு பேஸில் ஓட முயன்று இரண்டு மோட்டாரும் எரிந்துவிட்டன.

அட்டைச் சுவருக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் தனி லைனில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காற்றில்லாமல் அந்தத் தண்ணீரால் பயனில்லை.

பூர்ணிமா பக்கத்துத் திரையைச் சுருட்டக் கை வைத்தாள். "அக்கா, எல்லாத்தையும் தொறந்து விட்டுருவோமா?"

"தொறக்காத! அனல்காத்து பட்டா அரை மணி நேரத்துல சுருண்டுரும். பாட்டிலுக்குள்ள பொறந்ததுங்க. எலையில இன்னும் தோலே சரியாப் பிடிக்கல."

"மூடியே வச்சா?"

மூடி வைத்தால் வெந்துபோகும். மரியபுஷ்பத்துக்கு அது தெரியும். தெர்மாமீட்டர் முப்பத்தெட்டில் நின்றது.

பூதலூர் கடைத்தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் நெய்னா முகம்மதுவுக்குப் போன் போட்டாள். சவூதியில் இருபது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அதற்குள் பூர்ணிமா கூரைமேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பம் உள்ளே கைத்தெளிப்பானோடு மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி விழுந்தது, எடுக்க நேரமில்லை. நாற்பத்தொன்று.

நெய்னா மோட்டாரைத் திறந்து பார்த்தார். "ரெண்டும் காயில் போச்சும்மா. சுத்தித் தரணும்னா நாளைக்கு சாயங்காலம் ஆகும்."

"நாளைக்கா? இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்காது பாய்."

"அது சரி, ரிலே இருக்குல்ல? இது எப்படி எரிஞ்சுச்சு?"

மரியபுஷ்பத்தின் கண் ரிலே பக்கம் போனது. அந்தத் துண்டு ஒயர் சுவரில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "தெரியல பாய்," என்று வாயில் வந்துவிட்டது.

நெய்னா மேற்கொண்டு கேட்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு குடிலைச் சுற்றி நடந்தார். அட்டைச் சுவருக்கு வெளியே நின்று, "இங்கேருந்து காத்தை உள்ள தள்ளினா என்ன?" என்றார். "களத்துல நெல்லு தூத்த டிராக்டர்ல மாட்டுவாங்களே, பெரிய காத்தாடி. அதுக்குக் கரண்டே வேணாம். யார்கிட்ட இருக்கு?"

யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. வீரையன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விவசாயி. போன வருடக் காற்றில் அவர் வாழை இரண்டு ஏக்கரும் சாய்ந்துவிட்டது. மறுபடி வைக்க இரண்டாயிரம் கன்று அவளிடம்தான் சொல்லியிருந்தார். வெந்துகொண்டிருக்கும் கன்றுகளில் அவருடையதும் இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து பூர்ணிமா கத்தினாள்: "அக்கா, நாப்பத்திமூணு!"

நம்பரைத் தட்டினாள். "அய்யா, மரியபுஷ்பம் பேசறேன். காத்தாடி எரிஞ்சு போச்சுங்க. கன்னு எல்லாம் வாடுது. உங்க டிராக்டர் காத்தாடியக் கொண்டாங்கய்யா."

எதிர்ப்பக்கம் "இந்தா வர்றேன்," என்று மட்டும் கேட்டது.

வாய்க்கால் பாலத்தைச் சுற்றி வர இருபது நிமிடம் ஆனது. டிராக்டரைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் டீசல் புகை உள்ளே போய்விடும் என்று நெய்னா பதறினார். பழைய இரும்புக் குழாய் ஒன்றைப் புகைக்குழாய் வாயில் செருகிக் கம்பியால் கட்டி, புகையைக் குடிலுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார். மரியபுஷ்பம் மறு கோடியில் காற்று வெளியேறக் கதவைத் திறந்து, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். வீரையன் மெதுவாக வேகத்தைக் கூட்டினார். ஈர அட்டை வழியாகக் காற்று புகுந்ததும், முதல் வரிசைக் கன்றுகளின் இலைகள் அசைந்தன.

நாற்பத்தொன்று. ரொம்ப நேரம் அதிலேயே நின்றது. பிறகு நாற்பது. இரண்டரை மணிக்கு முப்பத்தேழு. அதற்குக் கீழே இறங்கவில்லை. நாலு பேரும் மாறி மாறித் தண்ணீர் தெளித்தார்கள். ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான் வீரையன் எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியில் மரியபுஷ்பத்தால் இனி மறைக்க முடியவில்லை. "பாய், ரிலேவுக்கு நான்தான் நேர் கொடுத்துட்டேன். திங்கக்கிழமையே. அய்யா, நீங்களும் கேட்டுக்குங்க. தப்பு என்னோடது."

நெய்னா, "ஒயரைப் பார்த்தேன்மா," என்றார். "நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்."

வீரையன் டிராக்டரிலிருந்து இறங்கி உள்ளே போய், ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். "பொழைக்குமா?"

"தெரியாதுங்கய்யா. குருத்து செத்துருந்தா நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் பச்சையாத்தான் இருக்கும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நெய்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து மோட்டார்களைச் சுற்றி, அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து மாட்டினார். துண்டு ஒயரைப் பிடுங்கினார். ரிலே வழக்கம்போல விழுந்தது. விழுந்த ஒவ்வொரு தடவையும் மரியபுஷ்பம் ஓடினாள். ரெமிஜியஸ், "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்," என்று தட்டோடு பின்னாலேயே வந்தார். தினம் காலையில் மேசை மேசையாகக் குனிந்து குருத்தைப் பார்த்தாள். பச்சைதான். பச்சையை நம்ப முடியவில்லை.

ஐந்தாம் நாள் தெரிந்தது. அட்டைச் சுவர்ப் பக்கம் இருந்த கன்றுகளில் புது இலை சுருளாக வெளியே வந்திருந்தது. நடு மேசைகளிலும் பெரும்பாலும் வந்திருந்தது. கடைசிக் கோடியில், காற்று போய்ச் சேரும்போதே சூடாகிவிட்ட இடத்தில், குருத்தை இழுத்தால் கையோடு வந்தது. அடியில் பழுப்பாக, மெத்தென்று இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து ஒதுக்கினாள். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பூர்ணிமா அழுதாள். மரியபுஷ்பம் அழவில்லை; ஒதுக்கியதை எண்ணி நோட்டில் குறித்தாள்.

கன்று சொல்லியிருந்தவர்கள் எல்லோருக்கும் அவளே போன் செய்தாள். ரெண்டு பேர் கோபப்பட்டு வேறிடம் போய்விட்டார்கள். வைகாசிக் கடைசியில் வீரையன் வேனோடு வந்தார். அவருக்கு ஆயிரத்து முந்நூறுதான் தேறியது. அரைகுறையாகப் பிழைத்த சில ட்ரேக்களைக் காட்டி, "இதையும் ஏத்திக்கவா?" என்றார்.

"வேணாங்கய்யா. அது நட்டாலும் தாருக்கு வராது. மிச்சத்தை ஆடிக்குள்ள புதுசாக் கொடுத்துடறேன்."

வீரையன் அவளை ஒரு தடவை பார்த்தார். "சரி, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல இப்ப, மிச்சம் ஆடியில. மிச்சக் குழி அப்படியே கெடக்கட்டும்," என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரேக்களைத் தூக்க ஆரம்பித்தார். மரியபுஷ்பம் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.