குளிக்க விடாத அருவி

அப்பா காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். நான் எழுந்து வந்தபோது சமையலறை நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால் நின்று உச்சியில் நல்லெண்ணெயைத் தட்டிக்கொண்டிருந்தாள். பாலித்தீன் பைக்குள் பாலித்தீன் பையாகச் சுற்றப்பட்டு தென்காசியிலிருந்து விமானத்தில் வந்த எண்ணெய் அது.

"என்னப்பா இது, வெள்ளனே?"

"அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னுல்லா சொன்ன?"

பார்ப்பதற்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று அவரிடம் சொல்வதற்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வைத்திருந்தேன். காலையிலேயே மனிதர் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் இருப்பது நார்வேயில், பெர்கன் என்கிற ஊரில். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொள்வது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். இனி ஊரில் வந்து இருக்கப்போவதில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் குற்றாலம் போகிற ரோட்டில், எங்கள் வீட்டுக்கு மேலே, நான் திரும்பி வந்து இருப்பதற்காகவே அப்பா ஒரு மாடி கட்டி வைத்திருக்கிறார். ரிட்டயர்டு போலீஸ்காரர். ரிட்டயர் ஆனபோது வந்ததையெல்லாம் அந்த மாடியில்தான் போட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்துப் பூட்டி வைப்பார்.

சொல்வதற்கு நல்ல இடமாகத் தேடித்தான் அப்பாவும் அம்மாவும் வந்த நாளிலிருந்து இருவரையும் ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். இடம்தான் அமையவில்லை. மலை உச்சிக்கு இழுத்துப் போகும் ரயிலில் ஏற்றினேன்.

"மேல போயி என்னல செய்யணும்?" என்றார் அப்பா.

"ஊரைப் பாக்கலாம்ப்பா."

"ஊர்ல இருந்துதானல வாரோம்."

மழையையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது என்னத்த சாரல்? நம்ம சாரல்னா மேல விழுததே தெரியாது. இது சவம், நசநசன்னுல்லா பெய்யுது." ஜூலை மாதம். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம். விவரம் தெரிந்து அவர் சீசனுக்கு ஊரில் இல்லாமல் போனது இந்த வருஷம்தான் என்று அம்மா சொன்னாள். பாதி சர்வீஸில் சீசன் என்றால் அவருக்குப் பேரருவியில்தான் டூட்டி. விசிலை ஊதி ஊதியே குளிக்கிற கூட்டத்தை உள்ளே விட்டு, வெளியே தள்ளி, வயசானவர். டூட்டி முடிந்ததும் தானும் ஒரு முறை அருவியில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அன்று மனைவிக்கு வேலை இருந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் காரில் கிளம்பினோம். அப்பாவுக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஈரிழைத் துண்டு. மடியில் துணிப்பை, அதற்குள் லுங்கி, சீயக்காய், அம்மாவுக்கு மாற்றுச் சேலை. கார் சீட்டில் எண்ணெய்த் தலை பட்டுவிடக் கூடாதே என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே வந்தார். நான் எரிச்சலை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

அருவி பெரியது. எதிரே இரும்பில் மேடை போட்டு, இடுப்பளவுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் கம்பியில் சாய்ந்து போட்டோ எடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார்கள். அப்பா தண்ணீர் விழுவதை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "தடை போட்டிருக்கானுவ" என்றார்.

"என்ன தடை?"

"தண்ணி வரத்து கூடிருக்குலா. ஆர்ச்சத் தாண்டி விழுந்தா நாங்க விடுவோமா? அதே கததான். வரத்து கொறையட்டும், விடுவானுவ."

பேரருவியில் ஒரு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. குறைகிறவரை ஜனங்கள் எண்ணெய்த் தலையோடு காத்துக் கிடப்பார்கள். அப்பாவும் அப்படியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, "பொம்பளைங்க பக்கம் எங்கனய்யா இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

மஞ்சள் கோட்டு போட்ட ஊழியர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு போலீஸ்காரர் இன்னொருவருக்கு வைக்கிற வணக்கத்தை வைத்தார். அவரும் என்னவென்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். "டூட்டியில இருக்குத ஆளு. எப்பம் விடுவேன்னு கேட்டு நச்சரிக்கப்புடாது" என்றார் என்னிடம்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். இதைவிட்டால் வேறு இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"யப்பா, ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல இதச் சொல்லு. இவன் விடுவானா, மாட்டானா?"

"மாட்டாங்கப்பா."

"இன்னைக்கு மட்டுமா?"

"என்னைக்குமே. இங்க அருவின்னா பாக்கத்தான்."

அப்பா அருவியை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கேட்டியாட்டி? இவ்வளவு தண்ணிய விழவிட்டுட்டு ஒருத்தன் தலையக் காட்டலையாம்" என்றார் அம்மாவிடம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கம் திரும்பாமலே, "மாடிய சீசனுக்கு வாடகைக்கு விட்டுட்டேம்ல" என்றார்.

"இப்பமா சொல்லுவீங்க? பிள்ளை காபிய குடிக்கட்டும்" என்று அம்மா பதறினாள். வந்ததிலிருந்து அவர்களும் இடம் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். "யாரக் கேட்டுப்பா விட்டீங்க? அது எனக்குன்னுதான கட்டுனீங்க?" பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். என் கட்டிலில் எவனோ ஈரத்தலையோடு படுத்திருப்பான் என்று நினைக்க நினைக்கப் பொறுக்கவில்லை. இனி வரப்போவதில்லை என்று சொல்லத்தான் அவர்களை அவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் மறந்தே போனது.

அப்பா கோபப்படவில்லை. "ஏலே, சாரல் விழுந்தா வருத. சாரல் நின்னா பொட்டியக் கெட்டுத. நீயும் சீசனுக்கு வருத ஆளுதானல" என்றார்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இருக்கிற நிலவரத்தைச் சொல்கிற குரல். அதனால்தான் தாங்கமுடியவில்லை. பாஸ்போர்ட் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். கோர்வையில்லாமல், காபி தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காற்று திரும்பி, அருவியின் தூவானம் எங்கள்மேல் அடித்தது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் எண்ணெய்த் தலையை அழுத்தித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கேட்டார்:

"அதக் குடுத்துட்டா, உன்ன ஊருக்குள்ள விடுவானாலே?"

"விடுவாங்கப்பா. அதுக்கு நம்ம கவர்மெண்ட்ல ஒரு கார்டு வாங்கிக்கிடணும்."

"என்னைக்குமா?"

"என்னைக்கும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்பம் சரி" என்றார். "மேல ஆளு இருந்தா கீழ எங்ககூடப் படுத்துக்கோ."