தொண்டை வீங்கிய மீன்

கருவாடு என்று வாய்தவறிச் சொன்னாலே வாய் கொப்பளிக்கச் சொல்பவள் என் அம்மா. அப்படிப்பட்ட சைவ வீட்டுக் கூடத்தில் அப்பா ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஊரான தக்கலை அப்போது திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த காலம். தொட்டியில் ஒரு ஜோடி திலேப்பியா. ஆப்பிரிக்கா ஜாதி மீன், சர்க்கார் மீன் பண்ணையில் வேலை பார்த்த அப்பாவின் சிநேகிதர் கொடுத்தது. குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டுவதாக அவரிடம் அப்பா சவால் விட்டிருந்தார்.

"திங்கியதுக்கு இல்லட்டி, பாக்கியதுக்கு" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

ஆண் மீன் நல்ல கறுப்பு, துடுப்போரம் மட்டும் சிவப்பு. துணைக்கு விட்ட கெண்டைக் குஞ்சுகளை வந்த வேகத்தில் கொன்று தீர்த்தது. மணலை வாயால் அள்ளிக் குழி பறித்தது. தொட்டி முழுக்கத் தன் பெயரில் பட்டா போட்டதுபோல நின்றுகொண்டு, பெண் மீனைக் கண்ட இடத்திலெல்லாம் முட்டித் துரத்தியது. பெண்ணின் வால் கிழிந்து தொங்கியது. அப்பா அதை வீரம் என்றார்.

அந்தச் சமயத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, புருஷன் வீட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். உடம்பு சரியில்லை, தேறியதும் போய்விடுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ச்சல் இருக்காது. முழங்கையில் சூடுபட்ட தழும்பு மட்டும் இருந்தது. அடுப்பில் பட்டது என்றாள். சரியாகச் சாப்பிடாமல், பேசாமல், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் யாரையும் கேட்காமல் என் சிலேட்டின் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கல்லைத் தொட்டியின் நடுவே மறைப்பாகச் செருகினாள்.

"அது பாவம் மக்கா, கொஞ்சம் மூச்சு விடட்டு" என்றாள்.

சிலேட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போய் நான் சாரிடம் அடி வாங்கினேன்.

பிறகு பெண் மீன் இரை எடுக்கவில்லை. தொண்டை உப்பியிருந்தது. அப்பாவுக்குக் காரணம் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. பொன்னுக்கு வீங்கி. முந்தின வருஷம் எனக்கு வந்தபோது சித்தியின் தங்கச் சங்கிலியைத்தான் கழுத்தில் போட்டுவிட்டார்கள், வீக்கம் வடிந்துவிட்டது. மீனுக்குக் கழுத்து இல்லை. ஆகவே சித்தி குளிக்கப் போகையில் கழற்றி வைத்த சங்கிலியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். அது மணலுக்குள் இறங்கிவிட்டது. சித்தி அதைத் தேடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைக்குலையோடு சித்தப்பா அழைக்க வந்தார். போகத்தான் வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்திருந்தார்கள். சித்தி துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, களுத்துல சங்கிலிய எங்க?" என்றாள் அம்மா.

"எங்க வீட்டு நகை. வித்துத் தின்னாச்சா?" என்று சித்தப்பா கையை ஓங்கினார். எங்கள் கூடத்தில், எங்கள் கண் முன்னால். எனக்கு அழுகை வந்துவிட்டது, தொட்டியைக் காட்டினேன்.

சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டார். அப்போதுதான் பார்த்தோம், பெண் மீனைச் சுற்றிக் கடுகு கடுகாகக் குஞ்சுகள். கை உள்ளே வந்ததும் அது வாயைத் திறந்தது. குஞ்சுகள் அத்தனையும் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. வாயை மூடிக்கொண்டு, தொண்டை மறுபடி உப்ப, அது மூலையில் ஒதுங்கியது. அம்மா மூக்கில் விரலை வைத்தாள்.

"எடுத்துப் போடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சித்தப்பா ஈரச் சங்கிலியை நீட்டினார்.

சித்தி வாங்கவில்லை. "நான் வரல்ல" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, என்னைய அங்க அனுப்பாண்டாம்" என்றாள்.

அப்பா மூலையில் ஒதுங்கியிருந்த மீனையும் சித்தியையும் பார்த்தார். "அவ இங்க நிக்கட்டு. நீரு போவும்" என்றார்.

மீனின் தொண்டை வடிந்துவிட்டது. சித்தியும் சாப்பிடத் தொடங்கினாள், என்னோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தாள். எல்லாம் என் வைத்தியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சங்கிலியைச் சித்தப்பா கையோடு கொண்டுபோய்விட்டார், சித்திக்கு மறுபடி உடம்புக்கு வந்தால் என்ன செய்வது?