நான்கு பக்க விண்ணப்பமும் ஒரு துட்டி வீடும்

சமூகவியல் படித்தவனுக்கு வரும் வியாதி எனக்கும் வந்தது. பிறர் எப்படி வாழ வேண்டும் என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் சில ஆண்டுகளாக வேலை பார்த்த ஒடிசாத் தம்பதிக்கு வீடு தேவைப்பட்டது. ஆலை விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதியில்லை. பள்ளி திறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால், ஒடிசாவில் இருக்கும் ஐந்து வயது மகளை அங்கேயே விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற டீச்சர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வடக்க இருந்து வந்தவகள நம்பி எப்படி அப்பு குடுக்க?"

நான் நான்கு பக்க விண்ணப்பம் தயாரித்தேன். வீடு மறுப்பதன் நீண்டகால விளைவுகள் அதில் இருந்தன. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம் இத்தெருவோடு முழுமையாகக் கலந்துவிட்ட வரலாறும் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும், எங்கள் கொங்குப் பேச்சை வைத்து எங்கள் வீட்டுக்கு 'ஏனுங்க வீடு' என்றே பெயர் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்தக் குழந்தையின் தாயையும் அழைத்துக்கொண்டு விண்ணப்பத்தோடு போன காலையில், டீச்சர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய அண்ணன் விடியற்காலையில் இறந்திருந்தார். உள்ளே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நுழைந்தால் காரியத்துக்காக வந்ததாகத் தோன்றும் என்று விளைவுகளை எடைபோட்டு, நாகரிகமாகத் திரும்பிவிட்டேன். என் வீட்டை அடைந்த பிறகே அவள் உடன் வரவில்லை என்று கவனித்தேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துட்டி கேட்க வந்திருந்த பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்திலிருந்து வந்த காப்பியை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். உடலை எடுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மறுவாரம் டீச்சரே அவளிடம் சாவியைக் கொடுத்து, "பிள்ளைய எப்பக் கூட்டியார?" என்றாராம். என்னைப் பற்றியும் விசாரித்தாராம்: "படிச்ச தம்பிக்கு ஒரு சுவரு தாண்டி வர ஏலலையாக்கும்?"

குடிவந்த அன்று மாலை அவள் என் வாசலில் நின்றாள்.

"சார், நீங்க இன்னும் துட்டி கேக்கல. வாங்க, நான் கூட வாரேன்."

"இத்தன நாள் கழிச்சுப் போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா உக்காருங்க. எங்க ஊர்லயும் இப்படித்தான்."

போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மரணம் குறித்துப் பொதுவாகச் சில கருத்துகளைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

டீச்சர் எழுந்தார். "காப்பி குடிப்பீங்களா, ஏனுங்க?"