மாடிக்கு அனுப்பிய கிண்ணம்

மெல்பர்னில் எனக்குப் பொழுது விடிவதே தூங்குவதற்குத்தான். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்து கண்ணை மூடினால் தலைக்கு மேல் ‘தொம்’ என்று விழும். மாடி வீட்டு கிரெக் உடற்பயிற்சிக்குத் தூக்கும் எடை இரும்பைத் தரையில் போடுகிறார். மதியம்வரை போடுகிறார். பாவி மனுஷன், மெதுவாக வைத்தால் கை ஒடிந்தா போகும்? என் கணவர் சிதம்பரத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர். லீவு நாளில் இந்தச் சத்தத்திலும் குறட்டை விடுகிறார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா அக்கா டிவியை அலறவிடுவார். அம்மா சண்டைக்குப் போகவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணத்தில் பிரியாணியைக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது, “புள்ளைக்குப் பரீட்சை வருது, தூக்கமே இல்ல பாருங்க” என்பார். அன்றைக்கே டிவி அடங்கும். கிண்ணமும் வெறுமையாகத் திரும்பாது. கேக்கோ, ஒரு பிடி சர்க்கரையோ இருக்கும். சொன்னது புரிந்தது, மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

நானும் அதையே செய்தேன். வாராவாரம் கிரெக்குக்குப் பிரியாணி. பகலில் தூங்குகிறவள், சரியாகத் தூக்கமே இல்லை என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொல்வேன். ‘புவர் திங்’ என்று இரக்கப்பட்டு வாங்கிக்கொள்வார். கிண்ணத்தைப் பளபளவென்று கழுவி, காலியாகத் திருப்பித் தருவார். மறுநாள் காலையில் மறுபடியும் இரும்பு விழும்.

போன மாதம் டியூட்டியில் தூக்கக் கலக்கத்தில் ஊசி மருந்தை அளவு மாற்றி எடுத்துவிட்டேன். கூட இருந்தவர் பார்த்துத் தடுத்தார். இல்லையென்றால் ஒரு உயிர் போயிருக்கும். இனி இந்த வீடு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஊரில் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாமானை ஏற்றிவிடலாம். இங்கே லீஸ் முடியுமுன் போனால், அடுத்த ஆள் வரும்வரை வாடகை என் தலையில். சத்தத்தைக் காரணம் காட்டி ஓனரின் சம்மதம் கேட்கலாம், மறுத்தால் வாடகை வழக்குகளைப் பார்க்கும் டிரிபியூனலுக்குப் போகலாம். எதற்கும் எழுத்தில் புகார் வேண்டும். ஒரு மெயிலாவது போட்டீர்களா என்று, மாடி வீட்டையும் எங்கள் வீட்டையும் ஓனருக்காகப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் பெண் கேட்டாள். நீங்கள் நல்ல சிநேகிதி, வாராவாரம் சாப்பாடு தருகிறீர்கள் என்றல்லவா மாடிக்காரர் பெருமையாகச் சொன்னார் என்றாள். என் பிரியாணியே எனக்கு எதிர்சாட்சி!

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். “கறிய ஜாஸ்தியா வச்சு அனுப்புனா, உனக்குக் கோவம்னு அவருக்கு எப்புடித் தெரியும்? எழுதிப் போடு.”

ஏஜென்டுக்குப் புகார் எழுதிப் போட்டேன். கோள் சொல்கிற மாதிரி கூசியது. இரண்டு நாளில் கிரெக் கதவைத் தட்டினார், கையில் என் கிண்ணம். முகம் வாடியிருந்தது. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று அவருடைய ஆங்கிலத்தில் கேட்டார். வாராவாரம் சொன்னேனே என்று தொண்டைவரை வந்தது. ஸாரி என்றேன்.

இப்போது மாடி அடங்கிவிட்டது. இன்னும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறாள். பதில் போடவில்லை. தூக்கமும் வரவில்லை. சமையல் மேடையில் அந்தக் கிண்ணம் இருக்கிறது. செம்மண்டலத்தில் கிண்ணம் இப்படி வெறுமையாக வந்தால் உறவு முறிந்தது. இங்கே அது கழுவிக் கொடுத்த பாத்திரம், அவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை. அரிசியை ஊறப்போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.