கோட்டுப் போட்ட கோச்

டிவியில் ஃபுட்பால் மேட்ச். மைதான ஓரத்தில் கோட்டும் டையுமாக நிற்கிறார் ஒரு கோச். என் கண் கப்பலைத் தேடுகிறது.

அந்தமானின் லாங் ஐலண்டில் எங்கள் பெண்கள் வாலிபால் அணிக்கு கோச், மர மில்லில் கிளார்க்காயிருந்த செல்வராஜண்ணன். கட்டம்போட்ட லுங்கியும் கழுத்தில் விசிலுமாகத்தான் நிற்பார். எங்கள் தீவில் ஒருவர் கோட்டும் ஷூவும் போட்டால், மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறார் என்று அர்த்தம். பைனலன்று அண்ணன் அந்துருண்டை நெடியடிக்கும் கோட்டில் வந்து நின்றார். பந்தை விட்டுவிட்டு, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்து தோற்றோம்.

"எங்களை விட்டுட்டுப் போறீங்களாண்ணே?" என்று எங்கள் அணி ராணி அழுதாள்.

அவர் வியர்வையைத் துடைத்தபடி விழித்தார். "அரே, நான் எங்க போறேன்? பைனலாச்சேன்னு போட்டேன்!"

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், அண்ணன் லுங்கியோடு கப்பல் ஜெட்டியில் நின்றார். யாரையோ வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சாயங்காலம் பிராக்டிஸ் இருக்குல்லண்ணே?" என்றேன். தலையாட்டினார். ஹாரன் அடித்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். திரும்பி வரவேயில்லை.

நாங்கள் அழக்கூடாதென்றுதான் லுங்கியில் போனாரா? அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் வலை கட்டிவிட்டு, இருட்டும்வரை அவருக்காகக் காத்திருந்தோம்.

டிவி கோச் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குப் பதறுகிறது.