தூசி ஆகாத பிள்ளை

என் வீட்டுக்காரர் கடைக்குப் போனால்கூட, அவர் திரும்பி வரும்வரை நான் விளக்குமாற்றைத் தொடமாட்டேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒருவர் பயணம் கிளம்பியதும் பின்னாலேயே வீடு பெருக்கக்கூடாது. பிணம் வெளியேறிய வீட்டைத்தான் உடனே பெருக்கி மெழுகுவார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின் ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். தங்கச்சிக்கு இழுப்பு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கும். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர். “பிள்ளைக்குத் தூசி ஆகாது. வீட்டைத் துப்புரவா வச்சிரு, விளங்குதோ?” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்களுக்கோ மண் தரை, புகை போக வழியில்லாத அடுப்பு. அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூள் சலிக்கிற வேலை. புருவமெல்லாம் தூளோடு வருவார்.

அம்மா தூசியோடு மல்லுக்கு நின்றாள். வெளியே பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் குளிக்காமல் அப்பா படியேற முடியாது. தேத்தண்ணி வடித்த சக்கையை ஈரத்தோடு தரையில் தூவிப் பெருக்குவாள். தூசி கிளம்பாமல் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விளக்கு வைத்தபின் பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பதால், பறித்த கொழுந்தை எடை போட்ட கையோடு மலையிலிருந்து ஓடிவருவாள். எங்கள் வீட்டுக்கு லட்சுமி எப்போது வந்தாள் என்று கேட்டால் எனக்கு அடி விழும்.

தங்கச்சிக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு காலையில் உதடு நீலம் பாரித்துவிட்டது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட ஒருவருக்குத்தான் இடம். அப்பா ஏறிக்கொண்டார். லொறி திருப்பத்தில் மறைந்ததும் அம்மா உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்தாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். பாயையும் துணிகளையும் வெளியே போட்டாள். சாணி கரைத்து ஒரு மூலையிலிருந்து மெழுகிக்கொண்டு வந்தாள். பிள்ளை திரும்பி வரும்போது ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாது என்பதைத் தவிர அவள் மனசில் வேறெதுவும் இல்லை. நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை வாசலில் வந்து நின்று வாயில் கை வைத்தாள். “அடிப்பாவி, என்னடி காரியம் பண்ணிட்ட? உசுரோட போன பிள்ளைக்குப் பின்னாலயா வீடு மெழுகுவாங்க?”

அம்மாவின் கை அப்படியே நின்றது. பாதி மெழுகிய தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கச்சி பிழைத்து வந்தாள். வந்தாளே தவிர, லயம் அவளைப் பழையபடி பார்க்கவில்லை. பெண்கள் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இருட்டில் எதிரே வந்தால் பிள்ளைகள் ஓடினார்கள். அந்த ஜனங்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. ஒருநாள் அவள் என்னிடம், “அக்கா, எனக்கு அழுது முடிச்சிட்டீங்களா அன்னைக்கே?” என்று கேட்டாள். சும்மா, விளையாட்டைப்போலத்தான் கேட்டாள்.

அதன்பிறகு அவள் பள்ளிக்கூடம் போனாலும் கடைக்குப் போனாலும் வீட்டில் விளக்குமாறு அசையாது. அவள் இருக்கும்போது பெருக்கினால், சக்கை தூவினாலும் கொஞ்சம் தூசி கிளம்பி இழுப்பு வரும். இல்லாதபோது பெருக்கினால் அவளே வராமல் போய்விடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெருக்கினால்தானே குற்றம், துடைத்தால் என்ன? ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு தங்கச்சியின் கண் முன்னாலேயே மண்டி போட்டுத் தரையை ஒற்றி எடுப்பாள். வருஷக்கணக்கில் அப்படித்தான் எங்கள் வீடு சுத்தமானது. அம்மாவின் முழங்கால் காய்த்துப்போனது.

தங்கச்சி பெரியவளாகிக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கிய காலத்தில், விடாமல் மழையும் பனிமூட்டமுமாக இருந்த ஒரு மாதத்தில் மறுபடியும் லொறி வந்தது. இந்தத் தடவையும் அப்பாதான் கூடப் போனார். அடுப்படியிலிருந்து வாசல்வரை அவள் நடந்துபோன தடம், உதிர்ந்து கிடந்த சாம்பலில் அப்படியே பதிந்திருந்தது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். என்னையும் மிதிக்க விடவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கூரையில் செருகிவிட்டாள். ஈரச் சாக்கையும் தொடவில்லை. சாம்பல், சேற்றுக்கால் மண், சிந்திய அரிசி எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தன. எனக்குக் கை அரித்தது. “ஒரு தடவ பெருக்கிட்டு பட்டது போதும்டி, அவ வரட்டும்” என்றாள் அம்மா. தூசி ஏற ஏற அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்ததை நான் பார்த்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குத் தாங்கமுடியவில்லை.

லொறிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினோம். அப்பா முன்னால் இறங்கினார். எங்களைப் பார்க்கவில்லை. பின்னால் நாலு ஆட்கள், வெள்ளைத் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அம்மா கத்தவில்லை. வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றாள்.

“கொஞ்சம் நில்லுங்க. உள்ள ஒரே தூசியா கெடக்கு. பிள்ளைக்கு இழுக்கும்.”

கூரையிலிருந்து விளக்குமாற்றை உருவினாள். தூக்கி வந்தவர்கள் மழையிலேயே நின்றார்கள். அவள் தண்ணீர் தெளித்து, தூசி கிளம்பிவிடாமல், மெதுவாகப் பெருக்கத் தொடங்கினாள்.